மேகநோய்க்கு ஊசி போட்டாச்சு, அப்புறம்?



இந்த மாதம் கொஞ்சம் கூச்சமான விஷயத்தை எழுதுகிறேன். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்தப் பக்கத்தை மேசை மேல் போட்டு வைக்கலாமா என்று சிலர் யோசிக்கலாம். தாராளமாகப் போட்டு வையுங்கள். சர்க்கரை வியாதியைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் வாசலில் உட்கார்ந்து சத்தமாகப் பேசுகிறோம். மேகநோய் என்றவுடன் மட்டும் குரல் தாழ்ந்துவிடுகிறது. அப்படிக் குரல் தாழ்வதால்தான் இந்த நோய் நம்மிடையே மறைந்து வாழ்கிறது.

பெரியவர்கள் மேகநோய் என்ற ஒரே பெயரில் பல நோய்களைச் சொல்வார்கள். நான் இங்கே எழுதுவது சிபிலிஸ் என்ற நோயைப் பற்றி. கிரந்தி என்று சிலர் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். உடலுறவினால் பரவுகிற நோய் இது. கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். கக்கூஸில் உட்காருவதாலோ, ஒரே கோப்பையில் கோப்பி குடிப்பதாலோ, பக்கத்தில் நின்று வேலை செய்வதாலோ வராது.

நல்ல செய்தி என்னவென்றால், இந்த நோய்க்கு மருந்து உண்டு, குணமாக்கவும் முடியும். 1943ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவர் ஜான் மஹோனி பெனிசிலின் ஊசியால் சிபிலிஸைக் குணப்படுத்திக் காட்டினார். இன்று வரைக்கும் அதே பெனிசிலின்தான் முதல் மருந்து. அப்படியிருந்தும் 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 80 லட்சம் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மருந்து இருந்தும் நோய் போகவில்லை என்றால் கோளாறு எங்கே?

கோளாறு பல இடங்களில் உண்டு. அதில் நம் தோட்டங்களில் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஊசி போட்டவுடனே நாம் கணக்கை மூடிவிடுகிறோம். ஊசிக்குப் பிறகு இரத்தத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் சிகிச்சைதான். அதை முடிக்க நோயாளிக்கு வழிவிடுவது தோட்ட நிர்வாகத்துக்கும் நம் சங்கத்துக்கும் உள்ள கடமை என்பது என் கருத்து.

புண் ஆறினால் நோய் போனதா?

"ஊசி போட்டாச்சுங்க, புண்ணும் ஆறிப்போச்சு. இன்னும் என்னாத்துக்கு இரத்தம் எடுக்கணும்?" இந்தக் கேள்வியைக் கேட்காத தோட்ட டிரஸ்ஸர் இருக்க முடியாது. கேட்பவரைக் குறை சொல்வதற்கில்லை. காலில் வெட்டுப்பட்டால் காயம் ஆறியதும் வைத்தியம் முடிந்துவிடுகிறது. இந்த நோய் அப்படிப்பட்டதல்ல.

நோய் தொற்றிச் சுமார் மூன்று வாரத்தில் மறைவிடத்தில் ஒரு புண் வரும். சிலருக்கு வாயிலும் வரலாம். பெரும்பாலும் வலிக்காது. மருந்தே போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். ஆள் பிழைத்தோம் என்று நினைப்பார். கிருமியோ இரத்தத்தில் கலந்திருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கை, உள்ளங்காலில் கூட வரும். அரிப்பு அவ்வளவாக இருக்காது. "உடம்புச் சூடு", "உரம் பட்டுடுச்சு" என்று சொல்லிக்கொள்வோம். அதுவும் தானாகவே மறைந்துவிடும். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. உள்ளே மட்டும் நோய் இருக்கும். கவனிக்காமல் விட்டால், சிலருக்குப் பத்து, இருபது வருடம் கழித்து இதயத்திலிருந்து வரும் பெரிய இரத்தக் குழாயைக் கெடுக்கும். மூளையையும் நரம்பையும் தாக்கும். கண்ணும் காதும் எந்தக் கட்டத்திலும் பாதிக்கப்படலாம்.

ஆகவே வெளியே புண் ஆறுவதை வைத்து இந்த நோயை அளக்க முடியாது. மருந்து போட்டாலும் ஆறும், போடாவிட்டாலும் ஆறும் என்கிற புண் நமக்கு என்ன சாட்சி சொல்லும்? சாட்சி சொல்ல வேண்டியது இரத்தம்.

எத்தனை ஊசி?

நோய் வந்து ஒரு வருடத்துக்குள் என்று டாக்டருக்கு நிச்சயமாகத் தெரிந்தால், வழக்கமாக ஒரே தடவை ஊசி போடுவார்கள். 24 லட்சம் யூனிட் பென்ஸதீன் பெனிசிலின். மருந்து அதிகம் என்பதால் இரண்டு பக்கப் புட்டத்திலும் பாதி பாதியாகப் போடுவது வழக்கம். நோய் பழையது, அல்லது எப்போது வந்தது என்று தெரியாது என்றால், வாரத்துக்கு ஒரு தடவை என்று மூன்று வாரம் போட வேண்டும். இந்த மருந்து சதையில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் இறங்குகிறது. கிருமியோ மெதுவாகப் பெருகுகிற ஜாதி. இடைவெளி விழாமல் மருந்து இருந்துகொண்டே இருந்தால்தான் அது சாகும். இரண்டாவது வாரம் பெரட்டை விட்டு வர முடியவில்லை, மூன்றாவது வாரம் சம்பள நாள், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், மறுபடியும் முதல் ஊசியிலிருந்து தொடங்க வேண்டி வரும். கர்ப்பிணிகளுக்கு இந்த விஷயத்தில் சலுகையே கிடையாது. வாரம் என்றால் வாரம்தான்.

இரண்டாவது ஊசிக்கு ஆள் வராமல் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் ஊசி போட்ட அன்று இரவு சிலருக்குக் காய்ச்சல், குளிர், தலைவலி, உடம்பு வலி வரும். தடிப்பு கொஞ்சம் அதிகமாகக் கூடத் தெரியலாம். "இந்த மருந்து என் உடம்புக்கு ஒத்துக்கலை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிருமிகள் கூட்டமாகச் சாகும்போது உடம்பு காட்டுகிற எதிர்ப்பு இது. சாதாரணமாக ஒரு நாளில் அடங்கிவிடும். தண்ணீர் குடித்து, பாராசிட்டமால் போட்டு, ஓய்வு எடுத்தால் போதும். கர்ப்பிணிக்கு இந்தக் காய்ச்சலோடு வயிற்று வலியோ, பிள்ளையின் அசைவு குறைவதோ தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மருந்து ஒத்துக்கொள்ளாமல் போவது வேறு. அது ஊசி போட்ட சற்று நேரத்திலேயே அரிப்பு, முகவீக்கம், மூச்சுத் திணறல் என்று காட்டும். அதற்காகத்தான் ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்காரச் சொல்கிறார்கள். முன்பு எப்போதாவது பெனிசிலின் ஒத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். டாக்ஸிசைக்கிளின் மாத்திரை இருக்கிறது. புது நோய்க்கு 14 நாள், பழைய நோய்க்கு 28 நாள், ஒரு வேளையும் விடாமல் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிக்கு மட்டும் அந்த மாத்திரை கூடாது. அவருக்கு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி, பெனிசிலின்தான் கொடுப்பார்கள். வயிற்றுப் பிள்ளையை நம்பிக்கையோடு காப்பாற்றுகிற மருந்து அது ஒன்றுதான்.

இரத்தத்தில் வருகிற எண்

இரத்தச் சோதனைச் சீட்டில் வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்று போட்டு, 1:32 என்றோ 1:16 என்றோ ஓர் எண் எழுதியிருக்கும். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு, கண்டுகொள்ளாமல் மடித்து வைக்கிறவர்களும் உண்டு. இதன் அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பால் வெட்டியவர்களுக்குச் சொன்னால் சுலபமாகப் புரியும். வாளியிலுள்ள பாலில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? தண்ணீர் கலந்து மெட்ரோலாக் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரத்தத்தையும் அப்படி அளக்கிறார்கள். இரத்தத்தில் தெளிந்து நிற்கும் நீரை எடுத்து உப்புத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலப்பார்கள். அந்தக் கலவையை மறுபடியும் பாதிக்குப் பாதி. இப்படியே 2, 4, 8, 16, 32 என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, எந்தப் படி வரைக்கும் நோயின் அடையாளம் தெரிகிறது என்று பார்ப்பார்கள். 32 மடங்கு நீர்த்த பிறகும் தெரிந்தால் 1:32. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் அடையாளமும் பலமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மருந்து வேலை செய்தால் இந்த எண் இறங்க வேண்டும். எவ்வளவு இறங்க வேண்டும்? குறைந்தது இரண்டு படி. 1:32 என்று இருந்தவருக்கு 1:8 ஆக வேண்டும். 1:16 ஆனால் ஒரு படிதான். சோதனையிலேயே ஒரு படி ஏற இறங்க வரலாம் என்பதால் அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். புது நோய்க்காரர்களுக்கு ஒரு வருடத்துக்குள்ளும், பழைய நோய்க்காரர்களுக்கு இரண்டு வருடத்துக்குள்ளும் அந்த இறக்கம் தெரிய வேண்டும். அதைப் பார்க்கத்தான் 3ஆம் மாதம், 6ஆம் மாதம், 12ஆம் மாதம் என்றும், பழைய நோயானால் 24ஆம் மாதம் வரைக்கும் கூப்பிடுகிறார்கள். டாக்டர் உங்கள் கார்டில் என்ன தேதி எழுதியிருக்கிறாரோ அதுவே உங்கள் தேதி.

எண் இறங்காமல் நின்றால் டாக்டர் மறுபடியும் சோதிப்பார். இறங்கிய எண் இரண்டு படி ஏறினால் ஒன்று மருந்து முழுதாக வேலை செய்யவில்லை, அல்லது நோய் புதிதாகத் தொற்றியிருக்கிறது. ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று அம்மையைப் போல இதை நினைக்கக் கூடாது. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரும். எச்.ஐ.வி. சோதனையும் சேர்த்துச் செய்துகொள்வது நல்லது. அது இருப்பவர்களை அடிக்கடி வரச் சொல்லிப் பார்ப்பார்கள்.

மூன்று விஷயங்களை இங்கே ஞாபகத்தில் வையுங்கள். முதலாவது, சிலருக்கு நோய் குணமான பிறகும் 1:2, 1:4 என்று சின்ன எண் நின்றுவிடும். டாக்டர் போதும் என்று சொன்னால் வீணாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டாவது, டி.பி.எச்.ஏ. என்று இன்னொரு சோதனை உண்டு. நோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆயுசுக்கும் 'இருக்கிறது' என்றே காட்டும். சிகிச்சை பெற்ற கார்டு கையில் இல்லை என்றால், பத்து வருடம் கழித்து வேறோர் ஆஸ்பத்திரியில் உங்களைப் புது நோயாளியாக நினைத்து மறுபடியும் ஊசி போட நேரிடும். மூன்றாவது, வி.டி.ஆர்.எல். எண்ணையும் ஆர்.பி.ஆர். எண்ணையும் ஒன்றோடொன்று ஒப்பிடக் கூடாது. கூடுமான வரை ஒரே கிளினிக்கில், ஒரே வகைச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

கணவன், மனைவி, பிள்ளை

ஒருவருக்கு ஊசி போட்டு மற்றவரைச் சோதிக்காமல் விட்டால், ஓட்டை வாளியில் பால் ஊற்றுகிற கதைதான். நோய் கைமாறிக்கொண்டே இருக்கும். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, அவளுக்குத்தான்" என்று சொல்கிற ஆண்களுக்குச் சொல்கிறேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் இந்த நோயின் குணம். நம் நாட்டில் பெண்களுக்குக் கர்ப்பக் காலத்தில் இரத்தம் பார்க்கிறார்கள். ஆண்களுக்கு அப்படி யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அதனால் நோய் முதலில் மனைவியின் கார்டில் தெரிகிறது, பழியும் அவள் தலையில் விழுகிறது. முதலில் தெரிந்தது யாருக்கு என்பதும், முதலில் வந்தது யாருக்கு என்பதும் ஒன்றல்ல.

அது மட்டுமல்ல, முதல் சோதனையில் 'இருக்கிறது' என்று வந்தாலே சிபிலிஸ் என்று ஆகிவிடாது. கர்ப்பம், மலேரியா, வேறு சில நோய்கள் காரணமாகவும் வி.டி.ஆர்.எல். தவறாகக் காட்டுவதுண்டு. அதனால்தான் இரண்டாவது சோதனை செய்து உறுதிப்படுத்துகிறார்கள். உறுதியாவதற்கு முன்னே குடும்பத்தில் சண்டை வேண்டாம். உறுதியான பிறகும் சண்டையால் நோய் போகாது. இருவரும் சேர்ந்து கிளினிக்குப் போங்கள். புண் ஆறி, இருவரும் மருந்தை முடித்து, டாக்டர் சரி என்று சொல்லும் வரை சேராமல் இருங்கள். அதன் பிறகும் ஆணுறை பாதுகாப்புத் தரும்.

தாய்மார்களே, வயிற்றில் பிள்ளை தங்கியது தெரிந்ததும் தாய் சேய் நல கிளினிக்கில் பேர் பதியுங்கள். கவனிக்காத சிபிலிஸ் கருவைக் கலைக்கும், பிள்ளை செத்துப் பிறக்கும், அல்லது நோயோடு பிறக்கும். பிரசவத்துக்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்னால் முறையாகச் சிகிச்சை முடிந்திருந்தால் பிள்ளையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். பிறந்த பிள்ளையின் இரத்தத்தையும் பார்ப்பார்கள். தாயின் இரத்தத்திலிருந்து வந்த அடையாளம் பிள்ளையிடம் சில மாதம் தெரியலாம். பிள்ளைக்கு நோய் இல்லையென்றால் ஆறு மாதத்துக்குள் அது மறைய வேண்டும். மறைந்ததா என்று பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குப் போக வேண்டும். "பிள்ளை கொழுகொழுன்னு இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று கொடுத்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நம் நாடு. கிராமத்துக் கிளினிக்குகளில் வேலை செய்த தாதிகளும், தவறாமல் வந்து கையை நீட்டிய தாய்மார்களும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெயர் அது. கடைசித் தோட்டத்தில் கடைசித் தாய் வரைக்கும் சோதனை போய்ச் சேர்ந்தால்தான் அந்தப் பெயர் நிலைக்கும்.

யார் பொறுப்பு?

"நோயாளிக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஊசிக்கு மூன்று நாள். அதன் பிறகு இரண்டு வருடத்தில் நாலு தடவையாவது இரத்தச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போக வேண்டும். பஸ் இல்லாத இடம் எத்தனையோ உண்டு. அரசாங்கக் கிளினிக்கில் உள்நாட்டவர் கட்டுவது ஒரு வெள்ளி. அந்த ஒரு வெள்ளிச் சோதனைக்கு ஒரு நாள் கூலி போகிறது. கூலியைப் பார்ப்பாரா, எண்ணைப் பார்ப்பாரா?

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம் சம்பளத்தோடு நோய் விடுப்புக் கொடுத்திருக்கிறது. இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருடத்தில் 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடத்துக்குள் 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். ஆனால் இது டாக்டர் நோய் விடுப்பு எழுதிக் கொடுத்தால்தான். இரத்தம் எடுக்க மட்டும் போகிறவருக்கு, வந்து போனதற்கு ஒரு சீட்டுதான் கையில் கிடைக்கும். அந்தச் சீட்டை வைத்து அந்த நாளைக் கூலியில்லாத நாளாகப் போட்டுவிடுகிற தோட்டங்கள் உண்டு. இதை நம் தோட்டக் கமிட்டிகள் கையில் எடுக்க வேண்டும். டாக்டர் தேதி குறித்துக் கூப்பிட்ட சோதனைக்குப் போகிற நாளுக்குக் கூலி வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். சிபிலிஸ் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. காச நோய், சர்க்கரை, இரத்தக் கொதிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேளுங்கள். எல்லோருக்கும் நன்மை, யாருடைய இரகசியமும் வெளியே வராது.

இரகசியம் என்றேன். அதுதான் இரண்டாவது தடை. 1988ஆம் ஆண்டு தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி சிபிலிஸ் சுகாதார இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். "அப்படின்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போயிடுமே" என்று பயப்படுகிறார்கள். நோயைத் தடுக்கவும், தொடர்புள்ளவர்களைச் சிகிச்சைக்குக் கூப்பிடவும்தான் அந்த அறிவிப்பு. ஆபீஸ் கிராணிக்கோ மண்டோருக்கோ அதில் வேலை இல்லை. சீட்டில் நோயின் பெயர் இருக்கத் தேவையில்லை. தேதி, நேரம், கையெழுத்து இருந்தால் போதும். என்னைப் போன்ற டிரஸ்ஸர்களுக்கும் தாதிகளுக்கும் ஒரு வார்த்தை: கிளினிக் அறையில் கேட்டது நம் வீட்டுச் சமையலறைக்குக் கூடப் போகக் கூடாது. ஒரே ஒரு தடவை வாய் தவறினால், அந்தத் தோட்டத்தில் அடுத்த பத்துப் பேர் நம்மிடம் வர மாட்டார்கள். மேகநோய்க்கு மருந்து என்று சந்தையில் விற்கிற சூரணத்தையும் பஸ்பத்தையும் தேடிப் போவார்கள். புண் தானாக ஆறும்போது அந்த மருந்துக்காரனுக்குப் பெயர் கிடைக்கும், நோய் உள்ளே போகும்.

இன்று நம் தோட்டங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா என்று வெளிநாட்டுத் தோழர்களும் பலர் வேலை செய்கிறார்கள். நோய் தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு நம்மை விட அதிகம். பயந்தவர் மறைப்பார். மறைத்தால் நோய் நிற்காது. கிருமி பாஸ்போர்ட் பார்ப்பதில்லை. அவர்களுக்கும் வழிகாட்டுவது நம் சங்கத்தின் வேலைதான்.

முடிவாக உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஊசி போட்டவர் யாராக இருந்தாலும், கிளினிக் கார்டை அடையாளக் கார்டோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேதியைச் சம்பள நாளைப் போல ஞாபகம் வையுங்கள். வேறு தோட்டத்துக்கோ டவுனுக்கோ மாறிப் போனால் கார்டைக் கையோடு கொண்டு போய், அங்குள்ள கிளினிக்கில் காட்டுங்கள். தேதி தவறிப் போனாலும் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். இரண்டு மாதம் தாமதமாக வந்தவரை எந்தக் கிளினிக்கும் திருப்பி அனுப்பாது. கண் மங்குதல், காது அடைப்பு, விடாத தலைவலி தெரிந்தால் தேதிக்காகக் காத்திருக்கவே வேண்டாம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, அடுத்த கூட்டத்தில் கிளினிக் நாள் கூலி விஷயத்தை ஒரு பொருளாகப் போடுங்கள். பேசுவதற்குக் கூச்சமாக இருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினாலே போதும்.